வெள்ளைக் கல்லை நோக்கி ஆட்டிய துணி

கிழக்கிலிருந்து லெவாந்தே காற்று அடிக்கும் நாட்களில் ஜிப்ரால்டர் பாறையின் தலையில் ஒரு மேகம் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கிழக்கே கடல்மேல் வெயில் இருக்கும், மேற்கே வளைகுடாவிலும் வெயில் இருக்கும், எங்களுக்கு மேல் மட்டும் ஈரமான சாம்பல் நிறம். துவைத்த துணி காயாது. ரொட்டி நமத்துப்போகும். ஆட்கள் பாதித் தூக்கத்தில் நடமாடுவார்கள். இரவு வேலை பார்க்கிற எனக்கு அது வசதிதான். ஊரே என்னைப் போல ஆகிவிடும்.

எங்கள் ஊரையும் பாறையையும் பிரித்த வேலியை அறுக்க ஆரம்பித்ததும் அப்படிப்பட்ட ஒரு காலையில்தான். ஜிப்ரால்டரில் ஒரு சூதாட்ட நிறுவனத்தில் தோற்றவர்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. பணம் ஏன் போனது என்று கேட்பார்கள். நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்பதை மரியாதையாகச் சொல்ல வேண்டும். அதை முடித்துவிட்டு, விமான ஓடுபாதையைக் குறுக்கே நடந்து கடந்து, வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊரான லா லினேயாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். சோதனைச் சாவடிக்குக் கிழக்கே பொறி பறந்தது. மேகம் தரைவரை இறங்கியிருந்ததால் அறுப்பவர்களைக் காணவில்லை. பொறி மட்டும் ஆரஞ்சு நிறத்தில் பூத்துப் பூத்து அணைந்தது.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனதிலிருந்து இந்த வேலியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். பாறையில் இருப்பவர்கள் ஏறக்குறைய எல்லோருமே போக வேண்டாம் என்றுதான் வாக்களித்தார்கள். அவர்களையும் இழுத்துக்கொண்டுதான் பிரிட்டன் போனது. பிறகு லண்டன்காரர்களும் மாட்ரிட்காரர்களும் பிரஸ்ஸல்ஸ்காரர்களும் வருடக்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள். பாறை லண்டனுக்குச் சொந்தமா மாட்ரிட்டுக்குச் சொந்தமா என்ற கேள்வியை அப்படியே மடித்து உள்ளே வைத்துவிட்டு, வேலியை மட்டும் எடுத்துவிடலாம் என்று கடைசியில் முடிவானது. இனி தரைவழியே நடப்பவர்களிடம் யாரும் காகிதம் கேட்க மாட்டார்கள்.

என் அத்தை காசில்டா இதற்காகத்தான் உயிரோடு இருந்தார் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஆனால் அதுதான் உண்மை.

நான் வீட்டுக்கு வந்தபோது அத்தை மொட்டை மாடியில் தொலைநோக்கியோடு நின்றார். காதிஸில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து நான் அவர் வீட்டில்தான் இருக்கிறேன். வேலியை ஒட்டிய கடைசித் தெரு.

"எவ்வளவு தூரம் அறுத்திருக்கானுங்க?" என்றார், திரும்பாமல்.

"கடற்கரைப் பக்கம் கொஞ்சம் திறந்திருக்கு."

"ஆள் நுழையற அளவுக்கா?"

"மாடே நுழையலாம் அத்தை."

"நான் மாடு இல்ல. வாசல் வழியாத்தான் போவேன்."

அவர் போக வேண்டிய இடம் அந்த மாடியிலிருந்தே தெரியும். வேலி, அதற்கப்பால் ஓடுபாதை, அதற்கப்பால் கல்லறைத் தோட்டம், அதற்குப் பின்னால் செங்குத்தாகப் பாறை. தோட்டத்தில் ஒரு சாய்ந்த சைப்ரஸ் மரம், அதன் அடியில் ஒரு வெள்ளைக் கல். அது என் தாத்தா. நான் பிறந்ததிலிருந்து தாத்தா என்றால் எனக்கு அந்த வெள்ளைப் புள்ளிதான்.

தாத்தா ஹொராசியோ பிதாலுகா பாறையில் பிறந்தவர், கப்பல் பட்டறையில் வேலை. பாட்டி லா லினேயாக்காரி. காலையில் அந்தப் பக்கம் போய் மாலையில் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார். மாட்ரிட்டிலிருந்து சர்வாதிகாரி வேலியின் கதவைப் பூட்டச் சொன்னபோது, வேலையை விட்டால் சோறில்லை என்பதால், அந்தப் பக்கம் தன் தங்கை வீட்டில் தங்கிவிட்டார். சில நாளில் திறந்துவிடுவார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அத்தை அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். திறந்தபோது அவருக்கு நரை தொடங்கியிருந்தது.

அந்த வருடங்களில் ஞாயிற்றுக்கிழமை என்றால் வேலிக்குப் போவது. இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம், நடுவில் யாரும் கால் வைக்கக் கூடாத தரை. கத்துவதற்கு ஒரு முறை இருந்தது. இரண்டு கையையும் வாயைச் சுற்றிக் குவித்துக்கொள்ள வேண்டும். முதலில் நீ யாரைக் கூப்பிடுகிறாயோ அவரின் உறவுமுறை, அடுத்து உன் பெயர், பிறகு ஒரே ஒரு செய்தி. காற்று அடங்கும்வரை காத்திருந்து அடுத்த செய்தி. பிறந்த குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டுவார்கள். யாரும் அழ மாட்டார்கள். அழுகை அந்தப் பக்கம் போய்ச் சேராது, அதனால் வீண்.

தாத்தா செத்த செய்தியும் அப்படித்தான் கத்திச் சொல்லப்பட்டது. அடக்கத்தன்று லெவாந்தே. அத்தையும் பாட்டியும் சின்னப் பையனாக இருந்த என் அப்பாவும் இந்த மாடியில் நின்று பார்த்தார்கள். மேகத்துக்குள் கறுப்பு உடையும் தொப்பியுமாக ஆண்கள் போனார்கள், மறைந்தார்கள், சைப்ரஸுக்கு அடியில் மறுபடி தெரிந்தார்கள். மண் தள்ளினார்கள். அந்த இடத்தில் பிறகு வெள்ளைக் கல் வந்தது. பாட்டி அதைப் பார்த்துக்கொண்டே இன்னும் சில வருடம் இருந்துவிட்டுச் செத்தார்.

கதவு திறந்த முதல் நாள் அத்தை கறுப்புடை உடுத்திக்கொண்டு போயிருக்கிறார். காவலர் காகிதம் கேட்டார். அத்தை திரும்பி வந்துவிட்டார். அவருடைய வாதம் எளிமையானது, அதை உடைக்க இன்றுவரை ஒருவராலும் முடியவில்லை.

"அது எல்லையே இல்ல, வெறும் வேலின்னு நம்ம அரசாங்கம்தானே சொல்லுது? அப்போ இல்லாத எல்லையில நான் எதுக்குடா காகிதத்தைக் காட்டணும்? அதுவும் எங்கப்பனைப் பாக்க?"

தான் போகும்வரை குடும்பத்தில் வேறு யாரும் அந்தக் கல்லறைக்குப் போகக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். அக்கா பேச்சைத் தட்டாத என் அப்பா அப்புறம் பார்சலோனாவுக்கே போய்விட்டார். ஊர் முழுக்க அங்குமிங்கும் போய்வந்தது. அத்தை மட்டும் ஞாயிறுதோறும் வேலிக்குப் போய், ஒரு வெள்ளை மேஜைத்துணியை ஆட்டி, கையைக் குவித்துக்கொண்டு வெள்ளைக் கல்லிடம் வாரச் செய்தியைக் கத்திவிட்டு வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், செய்தி நிறைய சேர்ந்துவிடும், கத்தி மாளாது என்பார்.

ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் போகிறது என்ற செய்தி வந்த அன்று அத்தை அந்தக் கறுப்புடையை எடுத்துப் பெட்டியின் அடியில் போட்டார். இனிமேல் காகிதத்தோடு முத்திரையும் குத்துவார்கள், தன் ஆயுளில் நடக்காது என்று முடிவு செய்துவிட்டார். ஒப்பந்தம் கையெழுத்தான அன்று அதை எடுத்துத் துவைத்து வெளியே தொங்கவிட்டார். லெவாந்தேயில் அது காயவே இல்லை.

அவருக்குப் போக இன்னொரு காரணமும் இருந்தது. தொப்பி போட்ட ஒரு மனிதர். ஞாயிறுதோறும் அந்த வெள்ளைக் கல்லுக்கு வருவார், குனிந்து களை பிடுங்குவார், கல்மேல் ஏதோ சிறியதாக வைப்பார். அத்தை துணியை ஆட்டினால் தொப்பியைக் கழற்றி உயர்த்துவார். கல்லறைக் காவலாளி என்பது அத்தையின் தீர்மானம். அவருக்குக் கொடுக்க ஒரு டப்பா நிறைய மாந்தெகாதோ செய்து வைத்திருந்தார். மாவைப் பன்றிக் கொழுப்பில் பிசைந்து செய்கிற, வாயில் வைத்தால் உதிர்கிற பிஸ்கட்.

"எங்கப்பாவை ஒரு வாரம் விடாம பாத்துக்கிட்ட மனுஷன்" என்றார். "வெறுங்கையோட போய் நின்னா நல்லாருக்குமா?"

சோதனை நின்ற முதல் ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். நான் வேலை முடித்து நேராக வந்திருந்தேன், எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல இருந்தது. சாவடி அப்படியே நின்றது. இனி என்ன செய்வது என்று யாரும் சொல்லாததால் காவலர்களும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தெரு குழாய் ரிப்பேர்காரரின் மகன் எலாடியோ அன்று வேலையில் இருந்தான். எல்லோரும் கையை வீசிக்கொண்டு போனார்கள். அத்தை அவன் முன்னால் வந்ததும், கிழவியைப் பார்த்த மரியாதையிலோ என்னவோ, எலாடியோ எழுந்து நின்றான். நின்றவன், காகிதம் வாங்குவதுபோலக் கையை நீட்டினான்.

அத்தை அந்தக் கையை, கெட்டுப்போன மீனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அப்புறம் திரும்பி வீட்டுக்கு நடந்தார்.

நான் அவரை வீட்டில் விட்டுவிட்டு எலாடியோவிடம் போனேன். அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தானா நீண்டுடுச்சு ஃபெர்மின். நான் என்ன பண்ணட்டும்? தூக்கத்துல கூட நீட்டுறேன்னு என் பொண்டாட்டி சொல்றா."

"வெட்டிப் போடு."

"அடுத்த வாரம் கூட்டிட்டு வா. பாத்துக்கறேன்."

அத்தை வருவதாக இல்லை. பழக்கதோஷம், அவன் கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். திரும்பி வருவது தனக்கும் பழக்கம்தான் என்றார். கறுப்புடை மறுபடி பெட்டிக்குள் போனது. வாரம் முழுவதும் மேகம் நகரவில்லை. நான் பகலில் தூங்க முயற்சி செய்யும்போதெல்லாம் அறுக்கிற சத்தம் கனவுக்குள் வந்தது. கனவில் அவர்கள் வேலியை அறுக்கவில்லை, ஓடுபாதையை நீளவாக்கில் அறுத்து இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கடலில் மிதக்கவிட்டார்கள்.

அத்தை மனதை மாற்றியது அந்தத் தொப்பிக்காரர்தான். போன ஞாயிறு கோபத்தில் அத்தை துணி ஆட்டவில்லை. மாடியிலிருந்து தொலைநோக்கியில் மட்டும் பார்த்திருக்கிறார். தொப்பிக்காரர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்தபடி நின்றாராம். போகவே இல்லையாம்.

"பாவம்டா. காத்துட்டே இருந்தாரு" என்றார் சனிக்கிழமை, என் தட்டில் கொண்டைக்கடலைக் குழம்பை ஊற்றிக்கொண்டே. "டப்பாவை மட்டும் குடுத்துட்டு வந்துடலாம்."

மறுநாள் எலாடியோ எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டான். இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் முழங்கைவரை திணித்துக்கொண்டான். அவன் மேஜையில் தொலைபேசி அடித்தது. எடுக்கவில்லை. யாரோ அவனிடம் ஒரு பேனா கேட்டார்கள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். புழுக்கத்தில் அவன் முகத்தில் வியர்வை வழிந்து முகவாயில் சொட்டியது, அதையும் துடைக்கவில்லை.

அத்தை அவன் முன்னால் நின்றார்.

"குளிருதா தம்பி?"

"ஆமாம்மா. ரொம்பக் குளிருது."

அத்தை சிரிக்கவில்லை. கடந்து போனார்.

ஓடுபாதையில் மேகம் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. அது அகலமான இடம், கிழக்கும் மேற்கும் கடலில் போய் முடியும், நடுவில் நடந்தால் எந்த ஊரிலும் இல்லாததுபோல இருக்கும். பாதியில் அத்தை நின்று திரும்பிப் பார்த்தார். இந்தப் பக்கத்திலிருந்து தன் வீட்டை அவர் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் தேடினார். பிறகு மாடியையும் துணிக் கொடியையும் கண்டுபிடித்தார்.

"இவ்வளவு சின்னதாவா தெரிஞ்சிருப்பேன்?"

"துணி தெரிஞ்சிருக்கும் அத்தை."

"நான் கத்தினது?"

நான் முன்னால் நடக்க ஆரம்பித்தேன். கையில் டப்பா கனத்தது. அவர் மேஜைத்துணியை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார்.

சைப்ரஸ் நாங்கள் நினைத்ததைவிட அதிகமாகச் சாய்ந்திருந்தது. வெள்ளைக் கல் தரையோடு படுத்திருந்தது. அதன்மேல் சின்னச் சின்னக் கூழாங்கற்கள், வரிசையில்லாமல். அத்தை அதன் முன்னால் மண்டியிடப் போய், பாதியில் நின்றார்.

"அப்பா பேரு எங்கடா?"

கல்லில் இருந்தவை எங்கள் எழுத்துக்கள் இல்லை. யூதர்களின் எபிரேய எழுத்துக்கள். கீழே சின்னதாக எங்களுக்குப் புரிகிற எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. நான் படித்துச் சொன்னேன்: சிமி பென்சாகேன். செத்த வருடம் தாத்தாவின் வருடம்தான்.

அத்தை என்னை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் திரும்பி ஓடுபாதைக்கு அப்பால் இருந்த எங்கள் மாடியைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். கோடு நேராகத்தான் இருந்தது.

அப்போதுதான் தொப்பிக்காரர் வந்தார். அத்தை வயதுதான் இருக்கும். அத்தையைப் பார்த்தார், கக்கத்தில் இருந்த துணியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"சாலுத்?" என்றார்.

"காசில்டா" என்றார் அத்தை.

அவர் பெயர் மெசோத். கல்லுக்கடியில் இருப்பது அவருடைய அம்மா. காவலாளி எல்லாம் இல்லை, ஊருக்குள் கண்ணாடிக் கடை வைத்திருந்து இப்போது மகனிடம் விட்டுவிட்டாராம். சாலுத் என்பவள் லா லினேயாவிலிருந்து அவர்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்தவள். அவரை வளர்த்ததே அவள்தானாம். ஒரு சாயங்காலம் வழக்கம்போல வீட்டுக்குப் போனாள், மறுநாள் கதவைப் பூட்டிவிட்டார்கள்.

"ஞாயித்துக்கிழமை துணி ஆட்டுறது அவதான்னு நினைச்சேன்" என்றார். "எங்கம்மாவுக்காக ஆட்டுறான்னு. கதவு திறந்ததும் தேடி வந்தேன். அந்தத் தெருவையே இடிச்சிருந்தாங்க. ஆனா துணி ஆடிக்கிட்டு இருந்துச்சு. உயிரோட இருக்கா, இந்தப் பக்கம் வர இஷ்டம் இல்ல போலன்னு விட்டுட்டேன்."

அத்தை யோசித்தார்.

"மீன் சந்தைக்குப் பின்னாடி இருந்த சாலுதா? இடது கால் இழுத்து நடப்பாளே?"

"ஆமா. அவதான்."

"அவ கதவு திறக்கறதுக்கு முன்னாடியே செத்துட்டா."

அத்தைக்குச் செய்தியைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. வேலி அப்படிப் பழக்கியிருந்தது. மெசோத் தொப்பியைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். மேகம் எங்களுக்கு நடுவில் புகுந்து போனது. எனக்கு நின்றுகொண்டே தூக்கம் வந்தது. ஒரு நொடி, இன்னும் மாடியில் நின்று தொலைநோக்கியில் இந்த மூன்று பேரைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

பிறகு அத்தை அவரிடம் டப்பாவை நீட்டினார். அவர் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"கொழுப்புல செஞ்சதாம்மா?"

"ஆமா. நல்ல கொழுப்பு."

"பன்னிக் கொழுப்பு."

"வேற எதுல செய்வாங்க?" என்றார் அத்தை. அப்புறம் கல்லில் இருந்த எழுத்தைப் பார்த்தார். டப்பாவை அவர் கையிலிருந்து வாங்கி என்னிடம் கொடுத்தார். "இந்தா, நீ தின்னு."

தன் அப்பா எங்கே என்று அத்தை கேட்டதும் மெசோத் கண்ணை மூடி நினைவுபடுத்திக்கொண்டார். அவருடைய அம்மாவின் அடக்கத்துக்கு வந்தபோது முன்னால் இன்னொரு சவம் போனதாம். பட்டறை ஆட்கள் தூக்கிக்கொண்டு போனார்களாம். வாசலில் இவர்கள் நின்று அவர்களுக்கு வழிவிட்டார்களாம். அவர்கள் சைப்ரஸைத் தாண்டி உள்ளே, மேற்கே, கத்தோலிக்கப் பகுதிக்குப் போனார்கள். மாடியிலிருந்து அத்தை பார்த்தது முதலில் போனவர்களை. மேகத்துக்குப் பிறகு தெரிந்தவர்கள் இரண்டாவது ஆட்கள்.

மெசோத் முன்னால் நடந்தார். தேவாலயச் சுவருக்குப் பின்னால் திரும்பினோம். லா லினேயாவின் எந்த மாடியிலிருந்தும் தெரியாத மூலை. முழங்கால் உயரப் புல்லுக்குள் ஒரு இரும்புச் சிலுவை, துருப்பிடித்து. தகட்டில் யாரோ தூரிகையால் எழுதிய பெயர் பாதி உரிந்திருந்தது. ஆனால் பிதாலுகா என்று படிக்க முடிந்தது. தாத்தாவின் தங்கை எழுதியிருக்க வேண்டும். அவரும் செத்து வெகுகாலமாகிறது.

அத்தை சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையில் ஒட்டிய துருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவருக்கு ஒண்ணுமே தெரியாதுடா" என்றார்.

"என்னது?"

"அம்மா செத்தது தெரியாது. சர்வாதிகாரி செத்தது தெரியாது. கதவு திறந்தது தெரியாது. ஒண்ணு விடாம எல்லாத்தையும் அந்தம்மாகிட்டல்ல சொல்லியிருக்கேன்."

"எங்கம்மா யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டாங்க" என்றார் மெசோத். "வாயே திறக்காத மனுஷி."

அவர் சொன்னது ஆறுதலுக்கா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டு, கீழே தேடி, அவர்கள் வழக்கப்படி ஒரு கூழாங்கல்லை எடுத்துச் சிலுவையின் அடியில் வைத்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு தன் அம்மாவிடம் திரும்பிப் போனார்.

நான் புல்லை மிதித்துப் படுக்க வைத்தேன். அத்தை அதன்மேல் மேஜைத்துணியை விரித்தார். உட்காருவார் என்று பார்த்தால் உட்காரவில்லை. கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டார். இரண்டு கையையும் வாயைச் சுற்றிக் குவித்தார். அவர் அப்பா அவர் காலடியில்தான் கிடந்தார். அத்தைக்கு வேறு முறை தெரியாது.

"அப்பா. காசில்டா. நீங்க செத்ததை அன்னைக்கே கத்திச் சொல்லிட்டாங்க."

காத்திருந்தார். காற்று அடங்கியது.

"அப்பா. காசில்டா. அம்மா ரெண்டு நாள் சாப்பிடல. அப்புறம் சாப்பிட்டாங்க."

நான் பக்கத்துக் கல்லறைமேல் படுத்தேன். யாருடையதோ, மன்னிக்கட்டும். கல் சில்லென்று இருந்தது. ஒரு மாந்தெகாதோவை வாயில் போட்டேன், அது உதிர்ந்து கரைந்தது. மேகம் முகத்துக்கு மேலே மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது, பாறை அதற்குள் தெரிந்தும் தெரியாமலும். நடுவில் ஒரு விமானம் இறங்கியது. அத்தை அதன் சத்தம் அடங்கும்வரை கையை இறக்காமல் காத்திருந்தார், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஆடு வாங்கியது. ஆடு விற்றது. கூரை ஒழுகியது. பாட்டியின் இருமல். நான் எப்போது தூங்கினேன் என்று தெரியாது. தூக்கத்துக்குள்ளும் அந்தக் குரல் வந்துகொண்டிருந்தது. ஒரு செய்தி, காற்று, ஒரு செய்தி.

விழித்தபோது மேகம் மெலிந்து, வெயில் பால் மாதிரி இறங்கியிருந்தது. அத்தையின் குரல் கம்மியிருந்தது. கை அதே இடத்தில் இருந்தது.

"அப்பா. காசில்டா. தம்பிக்குப் பையன் பொறந்திருக்கான்."

காத்திருந்தார்.

"ஃபெர்மின்னு பேரு. நல்லா அழறான்."

நான் அசையாமல் கிடந்தேன். என் படிப்பு வரைக்கும் வந்து சேர இன்னும் நிறைய நேரம் இருந்தது. திரும்பிப் படுத்தேன்.